பெரிய எஸ்ஸா, சின்ன எஸ்ஸா

அன்பு மச்சான் ஸ்டீபனுக்கு,

நான் உனக்குக் கடிதம் எழுதுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நீ விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். கள்ளிக்குப்பத்துக்கும் அண்ணனூருக்கும் நடுவில் எதற்குக் கடிதம்? ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் வண்டியோடு வாசலில் வந்து நிற்கிற ஆள் நீ. இப்போது உன் எண்ணை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். பழக்கத்தில் ஒருநாள் அடித்துவிட்டேன். ஒரு பெண்மணி எடுத்தார். தவறான எண் என்று சொல்லி வைத்துவிட்டேன், ஆனால் போனைக் கீழே வைக்கக் கை வரவில்லை.

உன்னிடம் சொல்லியே தீர வேண்டிய ஒன்று நடந்திருக்கிறது. முகப்பேரில் ஒரு அலுவலக அறைக்குள் நடந்தது. இதைப் படிக்கப்போகிற மற்றவர்களுக்காக உனக்குத் தெரிந்த கதையையும் சேர்த்துச் சொல்கிறேன். பொறுத்துக்கொள்.

பாலிடெக்னிக் முடித்த கையோடு நாம் இருவரும் அம்பத்தூர் எஸ்டேட்டில் கியர் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்தோம். நீ மெஷினில் பல் வெட்டுவாய். நான் இன்ஸ்பெக்‌ஷனில் உட்கார்ந்து அது சரியா என்று பார்ப்பேன். கண்ணை வைத்துப் பிழைத்தவன் நான். அந்தக் கண்தான் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் காலியாகிக்கொண்டு வந்தது. எனக்கே தெரியவில்லை. உனக்குத்தான் தெரிந்தது. பக்கவாட்டில் வந்த தள்ளுவண்டியில் நான் மறுபடியும் இடித்துக்கொண்ட அன்று, டீ இடைவேளையில் என்னைத் தனியே கூப்பிட்டுக்கொண்டு போனாய்.

"மாமே, நேரா கீற பொருளு உனுக்குத் தெரிது. பக்கத்துல வர்றது தெரில. நீ இன்னா சொன்னாலும் சரி, இன்னிக்கு டாக்டராண்ட போறோம்."

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு காய்ந்துவிட்டது என்றார் டாக்டர். போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். ஆபரேஷன் செய்தும் காப்பாற்ற முடியவில்லை. இப்போது எனக்கு ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது மட்டும் தெரியும்.

வேலையை விட்டுவிட்டு வீட்டில் கிடந்த நாட்களில் ஒரு சாயங்காலம் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாய். "மாமே, இத்தப் பாரு" என்றாய். உடனே நிறுத்திக்கொண்டு, "இத்தக் கேளு" என்றாய். கண் தெரியாத ஒருவர் கம்ப்யூட்டரில் வேலை செய்கிற வீடியோ அது. திரையில் இருப்பதை எல்லாம் ஒரு குரல் படித்துச் சொல்கிறது, அவர் அதைக் கேட்டே தட்டிக்கொண்டு போகிறார். அடுத்த வாரமே முகப்பேரில் இப்படிப்பட்டவர்களுக்கு ஜாவா என்கிற கம்ப்யூட்டர் மொழியைச் சொல்லிக்கொடுக்கும் ஒரு இடத்தைக் கண்டுபிடித்து என் பெயரைக் கொடுத்தாய். நீயும் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டாய். மெஷின் முன்னால் எத்தனை நாள் நிற்பது, நானும் கத்துக்கிறேன் என்றாய்.

முதல் வகுப்பில் கிளாஸ், ஆப்ஜெக்ட் என்று அவர்கள் சொன்னபோது எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வெளியே வந்ததும் நீ யோசித்து யோசித்துச் சொன்னாய். கிளாஸ் என்பது கியர் டிராயிங், ஆப்ஜெக்ட் என்பது அதைப் பார்த்து வெட்டின கியர். டிராயிங்கை வண்டியில் மாட்ட முடியாது, கியரைத்தான் மாட்ட வேண்டும். ஒரே டிராயிங்கிலிருந்து எத்தனை கியர் வேண்டுமானாலும் வரலாம். சொல்லிவிட்டு, நீ சொன்னது சரிதானா என்று உனக்கே சந்தேகம் வந்து மறுபடி உள்ளே போய்க் கேட்டுக்கொண்டு வந்தாய்.

மூன்றாவது வகுப்புக்கு நீ வரவில்லை. லேசான காய்ச்சல் என்றாய். மழை விட்டு, தெருவில் தண்ணீர் நின்றுகொண்டிருந்த நேரம். டெங்கு என்று தெரிந்து ஆஸ்பத்திரியில் சேர்த்து ஒரு வாரம்கூட முழுதாக ஆகவில்லை. உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது உன் மனைவி ஜெனிபர் என் கையைப் பிடித்து உன் நெற்றியில் வைத்தாள். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. எல்லாரும் உன் முகத்தைப் பார்த்து அழுதார்கள். நான் எதைப் பார்த்து அழுவது?

அதன்பிறகு லேப்டாப்பை மாதக்கணக்கில் தொடவில்லை. ஒருநாள் காலையில் என் மனைவி சுமதி, எக்ஸ்போர்ட் கம்பெனிக்குத் தைக்கக் கிளம்பும்போது, அதை எடுத்து என் மடியில் வைத்தாள். கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். அன்று ஆரம்பித்தேன். பாடத்தில் வரும் உதாரணத்துக்கெல்லாம் ஒரு பெயர் வைக்க வேண்டும் அல்லவா? ஆப்பிள், கார், மாணவன், எதை வேண்டுமானாலும் வைக்கலாம். என் விரல் உன் பெயரைத்தான் தட்டியது. யோசித்துச் செய்ததில்லை. அப்புறம் அதுவே பழகிவிட்டது.

இதற்கிடையில் ஆவடியிலிருந்து மாமனார் வந்தார். ஸ்டேஷனுக்கு வெளியே தண்ணீர் பாட்டில், பிஸ்கட் விற்க ஒரு சின்னக் கடை காலியாகிறது, மாப்பிள்ளை உட்கார்ந்த இடத்திலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார். கெட்ட மனிதர் இல்லை. மகள் ஒருத்தியாக உழைத்து ஓய்ந்துபோவதைப் பார்க்க முடியாத தகப்பன். ஆனால் கம்ப்யூட்டர் என்றதும் அவர் குரலில் ஒரு இரக்கம் வந்துவிடும். அந்த இரக்கத்துக்குத்தான் நான் பயந்தேன். கடைக்காரர் திங்கட்கிழமைக்குள் பதில் கேட்கிறார் என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் முகப்பேரில் எனக்குத் தேர்வு வந்திருந்தது.

சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. அவர்கள் செய்கிற செயலிகளைக் கண் தெரியாதவர்களால் பயன்படுத்த முடிகிறதா என்று சோதித்துப் பார்க்க ஆள் வேண்டுமாம். சோதிப்பவருக்குக் கொஞ்சம் ஜாவாவும் தெரிந்திருக்க வேண்டும். நேரில் உட்கார்ந்து ஒரு எளிய நிரல் எழுதிக் காட்ட வேண்டும், ஒரு மணி நேரத்துக்குள். எளிய நிரல்தான், மச்சான். ஆனால் அதுவரை யாருடைய உதவியும் இல்லாமல், புத்தகத்தில் இருப்பதைக் காப்பி அடிக்காமல், நானாக முதலிலிருந்து கடைசிவரை ஒரு நிரலை எழுதி ஓடவைத்ததே இல்லை.

அன்று காலை சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டே சுமதி சொன்னாள். "அப்பா நல்லதுக்குத்தான் சொல்றாரு. ஆனா நீங்க அந்த ஸ்டேஷன் கூட்டத்துல தனியா ஒக்காந்துனு கீறீங்கன்னு நெனச்சா, எனக்கு அங்க ஊசி ஓடாது. இத மட்டும் சொல்லிட்டேன்." அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. ஜெனிபர்தான் தன் ஸ்கூட்டரில் என்னை அழைத்துக்கொண்டு போனாள். எஸ்டேட் சிக்னலில் லாரிகளுக்கு நடுவில் நின்றபோது, "அவரு இருந்தா இந்நேரம் ரெண்டு பேரோட சண்ட போட்டிருப்பாரு அண்ணா" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

உள்ளே அகிலா என்று ஒரு மேடம். குரலை வைத்துப் பார்த்தால் நம் வயதுதான் இருக்கும். கூட ஆள் எடுக்கும் பிரிவிலிருந்து ஒரு இளைஞர். அந்த அறையிலேயே இன்னும் நான்கைந்து பேர் தட்டிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. லேப்டாப்பில் குரல் மென்பொருள் போட்டு வைத்திருந்தார்கள். நான் என் ஹெட்போனை எடுத்துச் சொருகப் பார்த்தேன். சொருகத் துளை இல்லை. புது மாடலாம். அவர்களிடம் இருந்த வயரில்லாத ஹெட்போனில் சார்ஜ் இல்லை. பரவாயில்லை, ஸ்பீக்கரிலேயே கேட்டுச் செய்யுங்கள் என்றார் அந்த இளைஞர்.

அவருக்கு அது சாதாரணம். எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? நீ ஒரு பேப்பரில் எழுதுகிறாய், எழுதுகிற ஒவ்வொரு எழுத்தையும் பக்கத்தில் ஒருவன் உரக்கப் படித்துக்கொண்டே வருகிறான் என்று வைத்துக்கொள். தப்பாகத் தட்டினால் அதுவும் ஊருக்கே கேட்கும். அழித்தால் அதுவும் கேட்கும்.

கேள்வி இதுதான். மனிதர் என்று ஒரு கிளாஸ். அவருக்குப் பெயர், ஊர். அவர் தன்னைத் தானே அறிமுகம் செய்துகொள்ள ஒரு மெத்தட், அதாவது ஒரு செயல். அந்தக் கிளாஸிலிருந்து இரண்டு ஆப்ஜெக்ட் செய்து, இருவரையும் பேசவைக்க வேண்டும். எனக்குத் தெரிந்த கேள்வி. டிராயிங் ஒன்று, கியர் இரண்டு. ஆனாலும் கை வேர்த்தது. கீபோர்டில் விரல் வழுக்கியது. கால்சட்டையில் துடைத்துத் துடைத்துத் தட்டினேன். குரல் என் ஒவ்வொரு அடைப்புக்குறியையும் அரைப்புள்ளியையும் அந்த அறைக்கு அறிவித்தது. கொஞ்ச நேரத்தில் மற்றவர்கள் தட்டும் சத்தம் நின்றுவிட்டதைக் கவனித்தேன். எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் ஆளுக்கு உன் பெயர், ஊர் அண்ணனூர். இரண்டாவது ஆள் பாலு, கள்ளிக்குப்பம். எழுதி முடித்து ஓடவிட்டேன்.

ஓடவில்லை. குரல் தட்டையாக, நிதானமாக, இங்கிலீஷில் படித்தது. "எரர். கேனாட் ஃபைண்ட் சிம்பல். வேரியபிள் ஸ்டீபன்."

ஸ்டீபன் என்று இங்கே யாரும் இல்லை, தேடிக் கிடைக்கவில்லை. அதுதான் அர்த்தம். கம்ப்யூட்டர் எத்தனையோ பேருக்கு எத்தனையோ தடவை சொல்கிற வாக்கியம். ஆனால் அத்தனை பேர் முன்னால், ஸ்பீக்கரில், உன் பெயரை அப்படிச் சொல்லிக் கேட்டபோது என்னால் மேலே தட்ட முடியவில்லை. கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டேன். அது நிறுத்தவில்லை. உன்னை எங்கெல்லாம் கூப்பிட்டிருந்தேனோ அந்த வரிக்கெல்லாம் ஒரு தடவை அதையே சொன்னது.

வேண்டுமானால் ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் குடியுங்கள் என்றார் அகிலா. நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது மேடம் என்று இளைஞர் மெதுவாக ஞாபகப்படுத்தினார். எழுந்து வந்துவிடலாம் என்றுதான் தோன்றியது. ஆவடிக் கடையில் ஒரு நாற்காலி இருக்கிறது, அங்கே யாரும் உன் பெயரைச் சொல்லி இல்லை என்று சொல்லமாட்டார்கள்.

என்னை எழவிடாமல் செய்தது வீரம் இல்லை, மச்சான், எரிச்சல். எப்படி இல்லாமல் போகும்? நான்தானே உண்டாக்கினேன்? உண்டாக்கின வரிக்குத் திரும்பிப் போய்க் கேட்டேன். பெயர் சரியாக இருக்கிறது. கூப்பிடும் வரியைக் கேட்டேன். அங்கேயும் சரி. இரண்டு இடத்திலும் ஸ்டீபன், ஸ்டீபன் என்று ஒரே மாதிரிதான் சொல்கிறது. வேறுபாடு காதில் விழவே இல்லை. அப்புறம்தான் உறைத்தது. கண் தெரிந்தவருக்குப் பார்த்ததும் தெரிகிற ஒன்று இருக்கிறது. பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா? ஜாவாவுக்கு இரண்டும் வேறு வேறு ஆள். குரல் வார்த்தையாகப் படிக்கும்போது இது தெரியாது. எழுத்து எழுத்தாகப் போனால், பெரிய எழுத்து வரும் இடத்தில் மட்டும் அதன் சுருதி துளி ஏறும். துளிதான். என் பழைய லேப்டாப்பில் எனக்கு அது அத்துப்படி. இந்தப் புது மெஷினின் ஸ்பீக்கர் எனக்குப் பழக்கமில்லை, மேலே ஏசி வேறு இரைந்துகொண்டிருந்தது. எஸ். எஸ். எத்தனை தடவை கேட்டாலும் இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன.

கேட்கக் கூச்சமாக இருந்தது. கேட்டுவிட்டேன். "மேடம், கொஞ்ச நேரம் அந்த ஏசிய நிறுத்த முடியுங்களா?"

ஏன் என்று அவர் கேட்கவில்லை. யாரோ எழுந்து போனார்கள். ஏசி நின்றது. அறை முழுக்க மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்கவில்லை. காதை ஸ்பீக்கர் பக்கம் சாய்த்துக்கொண்டு, முதல் வரிக்குப் போய் அந்த ஒரு எழுத்தில் நின்றேன். எஸ். கீழே வந்து இன்னொன்றில் நின்றேன். எஸ். மறுபடி மேலே. மேலே இருந்தது ஒரு மயிரிழை தூக்கலாக ஒலித்தது. உன்னை உண்டாக்கும்போது, மனிதர் பெயர் என்ற மரியாதையில் பெரிய எழுத்துப் போட்டிருக்கிறேன். கூப்பிடும்போது நமக்குள் என்ன மரியாதை, சின்ன எழுத்து.

பெரிய எஸ்ஸை அழித்துச் சின்னதாக்கினேன். ஓடவிட்டேன்.

"ஐ ஆம் ஸ்டீபன். ஐ ஆம் ஃப்ரம் அண்ணனூர்." அண்ணனூரை அது வாயில் போட்டுக் குதப்பியது. அதன் பிறகு நான், பாலு, கள்ளிக்குப்பம். பின்னால் யாரோ மேஜையை லேசாகத் தட்டினார்கள். யாரென்று இன்றுவரை தெரியாது.

அகிலா ஒரு கேள்வி கேட்டார். பாலுவின் ஊரை நான் மாற்றினால் ஸ்டீபனின் ஊரும் மாறுமா?

"மாறாதுங்க மேடம். அச்சு ஒண்ணுதான், ஆனா வெளிய வந்துட்டா ரெண்டும் தனித் தனி. எனக்கு இன்னா ஆனாலும் அவன் அப்படியேதான் இருப்பான்."

சரி என்றார். கொஞ்சம் கழித்து, அலுவல் குரலை விட்டுவிட்டு, "ஸ்டீபன் யாரு?" என்று கேட்டார். என் மச்சான் என்றேன். போன மழையில் தவறிவிட்டான் என்றேன். அவர் ஏசியை மறுபடி போடச் சொன்னார். திங்கட்கிழமை கூப்பிடுகிறோம் என்று இளைஞர் சொன்னார்.

அந்தத் திங்கட்கிழமையை எப்படிச் சொல்ல? மாமனார் காலையிலேயே வந்து ஹாலில் உட்கார்ந்துவிட்டார். கடைக்காரர் அவருக்கு இரண்டு தடவை போன் செய்துவிட்டார். மூன்றாவது தடவை அடித்தால் சரி என்று சொல்லிவிடுவது என்று எங்களுக்குள் பேச்சில்லாமல் ஒரு ஒப்பந்தம் ஆகியிருந்தது. சுமதி அரை நாள் லீவு போட்டுவிட்டுச் சமையலறையில் எதையோ கழுவிக்கொண்டே இருந்தாள். மத்தியானம் என் போன் அடித்தது. லோன் வேண்டுமா என்று கேட்டது ஒரு பெண் குரல். வைத்துவிட்டேன். நான் வைத்த விதத்தைக் கேட்டு மாமனார் பெருமூச்சுவிட்டார்.

அடுத்து அவர் போன் அடித்தது. கடைக்காரர்தான். அவர் எடுத்து ஹலோ சொல்லும்போதே என் போனும் அடித்தது, முகப்பேர் கம்பெனியிலிருந்து. ஆறு மாதம் பயிற்சி, அதற்குப் பிறகு நிரந்தரம் செய்வது வேலையைப் பொறுத்தது, ஒன்றாம் தேதி வந்துவிடுங்கள். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, மாமனார் கடைக்காரரிடம் அப்புறம் பேசுவதாகச் சொல்லிவிட்டார். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அது இன்னா வேல மாப்ளே, எனுக்குப் புரிற மாதிரி சொல்லு" என்றார். இரக்கம் இல்லாத குரலில் அவர் என்னிடம் ஒன்று கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜெனிபர் சர்ச்சில் பூசை முடிந்து வந்த பிறகு உங்கள் வீட்டுக்குப் போனோம். நடந்ததை ஸ்கூட்டரிலேயே அவளிடம் சொல்லியிருந்தேன். அந்த எரரை மட்டும் சொல்லவில்லை. அவளாகத்தான் கேட்டாள். அந்த நிரலை ஓட்டிக்காட்டுங்க அண்ணா என்றாள். எனக்கு மனமில்லை. ஆனாலும் என் லேப்டாப்பில் மறுபடி எழுதி வைத்திருந்ததை ஓட்டினேன். ஐ ஆம் ஸ்டீபன் என்று அது சொன்னதும் அவள் எழுந்து உள்ளே போனாள். குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. தப்புப் பண்ணிவிட்டோமோ என்று நான் உட்கார்ந்திருந்தேன். சுமதி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது உன் மகள் ரோஸி, இரண்டாவது படிக்கிறாள் இப்போது, லேப்டாப் பக்கத்தில் வந்து நின்று சொன்னாள்.

"எங்கப்பா இப்டி பேசாது மாமா."

பிறகு எப்படிப் பேசுவார் என்று கேட்டேன். அவள் யோசித்தாள். ரொம்ப நேரம் யோசித்தாள், மச்சான். "தெரில. நீ சொல்லு" என்றாள்.

உனக்குத் தெரியுமா, எனக்கு முகங்கள் கலைந்துகொண்டு வருகின்றன. சுமதியின் முகமே சில நாள் சட்டென்று கிடைப்பதில்லை. குரல் மட்டும் கலையவில்லை. கண் போன பிறகு கேட்ட குரல்களில் அதிகமாகக் கேட்டது உன்னுடையதுதான். அதனால் சொன்னேன். பட்டரவாக்கம் ரயில்வே கேட்டில் நம் மேல் சேற்றை அடித்துவிட்டுப் போன கார்க்காரனை நீ துரத்திப் பிடித்து, திட்ட வாயெடுத்து, உள்ளே அவன் அம்மா இருப்பதைப் பார்த்து, "இன்னா நைனா, அம்மாவ வச்சிகினு இம்மாம் ஸ்பீடா போறே, மெதுவா போ" என்று வழியனுப்பி வைத்தாயே, அதை உன் குரலில், உன் இழுப்போடு சொன்னேன். ரோஸி சிரித்தாள். மறுபடி சொல்லச் சொன்னாள்.

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது. ஜெனிபர் வாசற்படியில் வந்து நின்று, "அது அப்டி இல்ல அண்ணா, ‘மெதுவா ஊடு போய்ச் சேரு’ன்னுதான் சொன்னேன்னு எங்கிட்ட சொன்னாரு" என்று திருத்தினாள். பிறகு அவளே இன்னொன்று சொல்ல ஆரம்பித்தாள்.

மச்சான், ஒன்றாம் தேதி வேலையில் சேர்கிறேன். நிரந்தரம் ஆக்குவார்களா, மாட்டார்களா, தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். ரோஸி பெரியவளாகி, படித்து, எவ்வளவு சுத்தமாகப் பேசக் கற்றுக்கொண்டாலும், அவள் அப்பா எப்படிப் பேசுவார் என்று கேட்டால் இனி ஒருநாளும் அவள் தெரியவில்லை என்று சொல்லவேண்டி வராது. ஞாயிறுதோறும் வருவேன். என் காது இருக்கும்வரை உன் குரல் அந்த வீட்டில் இருக்கும்.

உன் மச்சானும்,
ரோஸியின் தாய்மாமன் முறையில் நிற்பவனுமான,
பாலு
கள்ளிக்குப்பம்